மாத்திரை போட்டானா?

டிஸ்கி: நீளமான பதிவு. சிரிக்க வந்தவங்க போன மாசத்து ஷேர் ஆட்டோ பதிவுக்குப் போயிடுங்க. இது சண்டை போடுற பதிவு. சண்டை உங்ககூடவும்தான்.

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. மேற்குத் தாம்பரத்துல எங்க வீடு. பெரியப்பா ஒரு மஞ்சப்பையோட வந்தார். மாடம்பாக்கத்துல ஒரு கிரவுண்டு வருதாம். எங்க வீடும் அவர் வீடும் சேர்ந்து வாங்கிப் போடலாமாம். திங்கக்கிழமையே அட்வான்ஸ் கொடுத்துடணுமாம், இல்லன்னா வேற பார்ட்டி கொத்திக்கிட்டுப் போயிடுமாம். தாம்பரம் சுத்துவட்டாரத்துல முப்பது வருஷமா எல்லா கிரவுண்டுக்கும் சொல்ற அதே வசனம்.

நான் கேட்டது ஒரே கேள்விதான். "வில்லங்கம் போட்டுப் பாத்தீங்களா பெரியப்பா?"

"புரோக்கர் நம்ம ஆளுடா."

"யாரா இருந்தாலும் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாக்காம அட்வான்ஸ் கொடுக்கக் கூடாது. ஆன்லைன்லயே பாக்கலாம், பத்து நிமிஷ வேலை."

"எல்லாம் எங்களுக்கும் தெரியும்டா."

இங்கதான் என் குரல் கொஞ்சம் ஏறுச்சு. ஒத்துக்கறேன். அம்மாவோட ரிட்டயர்மெண்ட் காசு, ஏறத்தான் செய்யும். உடனே பெரியப்பா என்னைப் பார்க்கல. சமையக்கட்டுப் பக்கம் திரும்பி, ரொம்ப மெதுவா, ரொம்ப அக்கறையா, அம்மாகிட்ட ஒரு கேள்வி கேட்டார்.

"மாத்திரை போட்டானா?"

அவ்வளவுதான். ரூம்ல ஒரு சத்தம் இல்ல. வில்லங்கம், கிரவுண்டு, முப்பது வருஷம் எல்லாம் காத்துல போச்சு. அத்தனை பேரும் என் வாயைப் பார்க்கறத விட்டுட்டு என் கண்ணைப் பார்த்தாங்க, சிவந்திருக்கான்னு.

இந்தப் பதிவு அந்த மூணாவது மனுஷன் விகுதியைப் பத்தினது. போட்டியா இல்ல. போட்டானா.

விஷயத்தைச் சொல்லிடறேன். எனக்கு இருமுனைக் கோளாறு, அதாவது பைபோலார். மூணு வருஷமா வைத்தியத்துல இருக்கேன். தினமும் ராத்திரி ஒன்பது மணிக்கு லித்தியம். உங்க செல்போன் பேட்டரில இருக்கே, அதே லித்தியம்தான், உப்பு வடிவத்துல. 1949ல ஆஸ்திரேலியாவுல ஜான் கேட்ங்கற டாக்டர் இதுக்குப் பயன்படும்னு கண்டுபிடிச்சு எழுதினார். எழுபது வருஷத்துக்கு மேல ஆகியும் இன்னும் முன்வரிசை மருந்துகள்ல ஒண்ணு. நம்ம துறையில எழுபது வருஷம் ஓடுற மென்பொருள் எத்தனைன்னு விரல் விட்டு எண்ணிப் பாருங்க. :-)

இங்க எழுதற சில பேருக்கு இது தெரியும். பல பேருக்குத் தெரியாது. தெரிஞ்சதும் நீங்க என் பழைய பதிவையெல்லாம் திரும்பப் படிச்சு "ஓ, அதனாலதான்" னு சொல்லுவீங்க பாருங்க, அதுக்குத்தான் இவ்வளவு நாள் சொல்லல.

மூணு வருஷம் முன்னாடி என்ன ஆச்சுன்னு சுருக்கமா. பதினோரு நாள் சரியாத் தூங்கல. தூக்கம் வரலைங்கறதில்ல, தேவைப்படல. அந்தப் பதினோரு நாள்ல 23 பதிவு எழுதினேன். 19 டொமைன் பேர் வாங்கினேன், எல்லாம் உலகத்தை மாத்தப் போற ஐடியா. மேனேஜருக்கு விடியக்காலை நாலு மணிக்கு மொத்த சிஸ்டத்தையும் திருப்பி எழுதறதுக்கான திட்டம் அனுப்பினேன். கடைசி நாள் ராத்திரி தாம்பரத்துல இருந்து ஜி.எஸ்.டி. ரோட்ல வண்டலூருக்கு நடந்தே போயிட்டேன். மிருகக்காட்சிசாலை திறக்குற வரைக்கும் வாசல்ல உக்காந்திருந்தேன். சிங்கத்துகிட்ட ஒரு விஷயம் சொல்ல வேண்டியிருந்தது. என்ன விஷயம்னு இப்ப ஞாபகம் இல்ல. அம்மா செருப்பில்லாம ஆட்டோல வந்து இறங்கினது மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு.

இதை ஏன் சொல்றேன்னா, "எனக்கு வியாதியே இல்ல, சமூகம்தான் முத்திரை குத்துது" னு ஜல்லியடிக்கிற ஆள் நான் இல்ல. எனக்கு வியாதி இருந்தது. வைத்தியம் என்னைக் காப்பாத்துச்சு. பின்ன எதுக்கு சண்டை? வைத்தியத்தைச் சாக்கா வச்சு என்னைப் படர்க்கையில தள்ளினதுக்குத்தான் சண்டை.

பள்ளிக்கூடத்துல தமிழ் இலக்கணம் படிச்சிருப்பீங்க. தன்மை, முன்னிலை, படர்க்கை. நான், நீ, அவன். ஆஸ்பத்திரில சேர்த்த முதல் நாளே நான் "அவன்" ஆயிட்டேன். எந்த ஆஸ்பத்திரின்னு வேண்டாம், விடுங்க. என் சட்டையைக் கழட்டி அவங்க சட்டையைக் கொடுத்தாங்க. கண்ணாடியை வாங்கி வச்சுக்கிட்டாங்க, எனக்கு மைனஸ் நாலு. டாக்டர் ரவுண்ட்ஸ் வருவார். கட்டில்ல நான் உக்காந்திருப்பேன். கட்டில் பக்கத்துல நிக்கற அம்மாகிட்ட கேப்பார். "தூங்கினானா? சாப்பிட்டானா? வயலண்டா இருந்தானா?" கண்ணாடி இல்லாம அவர் மூஞ்சியே எனக்கு மங்கலாத்தான் தெரியும். நான் பதில் சொன்னாலும் அம்மா முகத்தைப் பார்த்து உறுதி பண்ணிக்கிட்டுதான் எழுதுவார்.

ஒன்பதாவது நாள். படிச்சுக்கிட்டு இருந்த ஒரு சின்ன டாக்டரம்மா வந்தாங்க. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தாங்க. "நீங்க என்ன வேலை பாக்கறீங்க?" ன்னாங்க. சாஃப்ட்வேர்னேன். "எந்த லாங்குவேஜ்?" னு கேட்டாங்க. ஜாவான்னேன். "எங்க அண்ணன் பைத்தான், ஜாவாவைத் திட்டிக்கிட்டே இருப்பான்" னாங்க. சிரிச்சேன். ஒன்பது நாள்ல என்னை "நீங்க" ன்னு சொன்ன முதல் ஆள். அன்னிக்கு ராத்திரிதான் மாத்திரையை நானே கை நீட்டி வாங்கினேன். அதுவரைக்கும் நாக்குக்கு அடியில ஒளிச்சு வச்சுத் துப்பிக்கிட்டு இருந்தேன்.

இதுல ஒரு பாடம் இருக்கு, மருத்துவம் படிக்கறவங்க யாராவது இதைப் படிச்சா எடுத்துக்கோங்க. ஸ்டூலை இழுத்துப் போடுறதுக்கு அஞ்சு செகண்ட்தான் ஆகும்.

இதெல்லாம் ஏதோ நல்ல மனசு, இரக்கம் சம்பந்தப்பட்ட விஷயம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். வெளிய வந்தப்புறம்தான் மனநலப் பாதுகாப்புச் சட்டம் 2017ஐ உக்காந்து படிச்சேன். 2018 மே 29ல இருந்து நடைமுறையில இருக்கு. இருபதாவது பிரிவைப் படிக்கும்போது நிஜமாவே எழுந்து நின்னுட்டேன். சிகிச்சைல இருக்கறவர் விரும்பினா சொந்தத் துணியை உடுத்திக்கலாம், சீருடை போடச் சொல்லிக் கட்டாயப்படுத்தக் கூடாது. கட்டாய மொட்டை அடிக்கக் கூடாது. அந்தரங்கம் உண்டு. 26வது பிரிவுல போன், மின்னஞ்சல். 22வது பிரிவுல என்ன வியாதி, என்ன வைத்தியம், என்ன பக்கவிளைவுன்னு தெரிஞ்சுக்கற உரிமை. மூணாவது பிரிவுல ஒரு வரி வருது: ஒருத்தருக்கு மனநோய்னு முடிவு பண்ணிட்டா மட்டும் அவர் புத்தி சுவாதீனம் இல்லாதவர்னு ஆகிடாது, அதைத் தனியா நீதிமன்றம் சொல்லணும்.

திருப்பி ஒரு தடவை படிங்க. நோய் இருக்கறது வேற, புத்தி இல்லாம போறது வேற. பாராளுமன்றத்துக்குப் புரிஞ்சது எங்க பெரியப்பாவுக்குப் புரியல.

இந்தச் சட்டம் சும்மா வானத்துல இருந்து விழல. 2001 ஆகஸ்ட் 6. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடி. விடியக்காலை ஒரு மனநலக் காப்பகத்துல தீ. கீத்துக் கொட்டகை. உள்ள இருந்தவங்களைச் சங்கிலியால கட்டிப் போட்டிருந்தாங்க. 28 பேர் செத்தாங்க. ஓட முடியாமச் செத்தாங்க. அதுக்கப்புறம் ஒரே வாரத்துல ஏர்வாடில அந்த மாதிரி காப்பகங்களையெல்லாம் மூடினாங்க, 500க்கும் மேற்பட்டவங்க அரசாங்கப் பொறுப்புக்கு வந்தாங்க. உச்ச நீதிமன்றம் தானா முன்வந்து வழக்கா எடுத்துக்கிட்டது. இன்னிக்கு 95வது பிரிவு எந்த வடிவத்துலயும் சங்கிலி கூடாதுங்குது.

அந்தச் சங்கிலியை யார் போட்டதுன்னு யோசிச்சிருக்கீங்களா? பூட்டினது காப்பகக்காரன். ஆனா கூட்டிக்கிட்டுப் போய் விட்டது குடும்பம். வில்லனுங்க இல்ல, நம்ம வீட்டு மாதிரி வீடுங்கதான். "அவன் சொல்றதைக் கணக்குல எடுத்துக்கத் தேவையில்ல" ங்கற முடிவுக்கு அவங்க முதல்ல வந்திருப்பாங்க. சங்கிலி அதுக்கப்புறம்தான். நம்ம வீட்டுல சங்கிலி இல்லதான். அந்த முதல் முடிவு இருக்கா இல்லையா?

சரி, இப்ப அடுத்த பக்கம் வரேன். பெரியப்பாவைத் திட்டும்போது கைதட்டினவங்க கொஞ்சம் இருங்க.

எழுதற நண்பர்கள் சிலர் இருக்காங்க. விஷயம் தெரிஞ்சதும் தோள்ல கை போட்டு ரகசியமாச் சொன்னாங்க. "மச்சி, மாத்திரையை விட்டுடு. அது உன் க்ரியேட்டிவிட்டியைக் கொன்னுடும். பெரிய கலைஞன் எல்லாம் கொஞ்சம் லூசுதான். மாத்திரை போட்டா நீ நீயா இருக்க மாட்ட." ஒருத்தர் உதாரணத்துக்கு ஜான் நாஷை இழுத்தார். நோபல் வாங்கின கணித மேதை, மாத்திரை இல்லாமலே மீண்டாராம்.

நாஷ் விஷயம் உண்மைதான். 1970க்கு அப்புறம் அவர் மருந்து எடுத்துக்கல. 2001ல வந்த படத்துலதான் அவர் புது மருந்து சாப்பிடற மாதிரி வசனத்தை மாத்தி வச்சாங்க. ஆனா நண்பா, அவருக்கு இருந்தது மனச்சிதைவு, எனக்கு இருக்கறது இருமுனை. அவர் மீண்டு வர எத்தனை வருஷம் ஆச்சு, அதுல எத்தனை வருஷம் பிரின்ஸ்டன்ல பேயா அலைஞ்சார்னும் சேர்த்துச் சொல்லணும் இல்லையா? நீங்க நாஷைச் சொன்னா நான் கே ரெட்ஃபீல்ட் ஜேமிசனைச் சொல்வேன். மனநல ஆராய்ச்சியாளர், அவங்களுக்கே இருமுனைக் கோளாறு. 1995ல தன் கதையை வெளிப்படையா எழுதினாங்க. லித்தியம் வேண்டாம்னு வருஷக்கணக்கா அடம் பிடிச்சதையும், சாவு வரைக்கும் போயிட்டு வந்ததையும், அப்புறம் அதே லித்தியத்தோட வாழ்ந்து இவ்வளவு எழுதினதையும் ஒளிவுமறைவு இல்லாமச் சொல்லியிருக்காங்க.

மேதைங்களை விடுங்க, என் கதைக்கு வரேன். அந்தப் பதினோரு நாள்ல எழுதின 23 பதிவையும் ஒரு வருஷம் கழிச்சு உக்காந்து படிச்சேன். எழுதும்போது ஒவ்வொண்ணும் உலக இலக்கியம்னு தோணுச்சு. 21 பதிவு படு மொக்கை. ஒரு வாக்கியம் ஆரம்பிச்ச இடத்துல முடியல. ரெண்டு நல்லா இருந்தது. அந்த ரெண்டும் எங்க தெரு தண்ணி லாரி பத்தினது. அதை நான் வியாதி வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே மனசுல எழுதி வச்சிருந்தேன். ஆக, வியாதி எனக்கு எழுதத் தரல. எழுத்து என்னுது. வியாதி அதை ஃபாஸ்ட் பார்வர்டுல ஓட்டுச்சு, அவ்வளவுதான்.

"வியாதிதான் நீ" ன்னு சொல்ற ரசிகருக்கும், "நீ வெறும் வியாதி" ன்னு சொல்ற பெரியப்பாவுக்கும் என்ன வித்தியாசம்? ஒருத்தர் மாலை போடறார், ஒருத்தர் வாயை அடைக்கறார். ரெண்டு பேருக்குமே நடுவுல நின்னுக்கிட்டு இருக்கற என்னைத் தெரியல.

ஆனா மாத்திரை தேன் இல்ல, அதையும் சொல்லிடறேன். லித்தியத்துக்கு ரத்தத்துல அளவு ரொம்ப முக்கியம். பொதுவா லிட்டருக்கு 0.6ல இருந்து 1.0 மில்லிமோல் வரை வச்சுக்கப் பாப்பாங்க. கொறஞ்சா வேலை செய்யாது, ரொம்ப ஏறினா விஷம். அதனால சில மாசத்துக்கு ஒரு தடவை ரத்தப் பரிசோதனை, கூடவே தைராய்டு, கிட்னி. மே மாச வெயில்ல தண்ணி குடிக்காம சுத்தினா அளவு ஏறிடும். சாதாரண மூட்டுவலி மாத்திரை சிலது கூடச் சேரக் கூடாது. கை லேசா நடுங்கும். பொட்டி தட்டற பொழப்புக்கு இது எப்படி இருக்கும்னு யோசிங்க. ஒரு செமிகோலன் போடப் போய் ரெண்டு விழும். கம்பைலர் திட்டும்.

அதைவிட மோசமா ஒண்ணு இருந்தது. முதல் நாலு மாசம் நான் தட்டையா இருந்தேன். அப்ப லித்தியத்தோட இன்னொரு மருந்தும் சேர்த்துக் கொடுத்திருந்தாங்க. துக்கமும் இல்ல, சந்தோஷமும் இல்ல. வடிவேலு காமெடி ஓடுது, எல்லாரும் விழுந்து விழுந்து சிரிக்கறாங்க, எனக்கு அது ஏதோ வேற ஊர் செய்தி மாதிரி இருக்கு. வீட்டுல என்ன சொன்னாங்க தெரியுமா? "இப்பதான் பையன் நல்லா ஆயிருக்கான். அடக்கமா இருக்கான்." எதிர்த்துப் பேசாத பையன்னா நல்லா ஆயிட்ட பையன்!

இதை டாக்டர்கிட்ட சொல்லணும்னு எனக்குத் தோணவே மூணு மாசம் ஆச்சு. ஏன்னா சொன்னா "அவன் அப்படித்தான் சொல்லுவான்" னு விட்டுடுவாங்கன்னு பயம். நல்லவேளை, இப்ப பாக்கற டாக்டர் வேற ஆள். குரோம்பேட்டைல சின்ன கிளினிக். "எனக்குச் சிரிப்பு வரல டாக்டர்" னேன். பேனாவைக் கீழ வச்சாங்க. "எப்போல இருந்து?" ன்னு என்கிட்டயே கேட்டாங்க. அந்த இன்னொரு மருந்தைக் கொஞ்சம் கொஞ்சமாக் குறைச்சாங்க. ஆறு வாரத்துல ஒரு நாள் ஷேர் ஆட்டோல யாரோ சொன்ன ஜோக்குக்குச் சத்தமாச் சிரிச்சுட்டேன். பக்கத்துல இருந்தவர் பயந்து கொஞ்சம் தள்ளி உக்காந்தார். ஹி ஹி.

அப்ப புரிஞ்சது இதுதான். என் உடம்புல மருந்து எப்படி வேலை செய்யுதுன்னு ரத்தப் பரிசோதனை பாதி சொல்லும். மீதியைச் சொல்லக் கூடிய ஒரே ஆள் நான். என்னைப் படர்க்கையாக்கினா அந்த மீதி யாருக்குமே கிடைக்காது. அதனால "நீங்க" ன்னு கேக்கறது மரியாதை மட்டும் இல்ல, வைத்தியத்துலயே ஒரு பகுதி.

ஆபீஸ் கதையும் ஒண்ணு. பழைய மகாபலிபுரம் சாலைல ஏதோ ஒரு கட்டடம்னு வச்சுக்கோங்க. லீவு முடிஞ்சு திரும்பிப் போனதும் ஒரு டிசைன் மீட்டிங். நான் ஒரு யோசனை சொன்னேன். முட்டாள்தனமான யோசனை, அப்ப எனக்குத் தெரியல. முன்னாடியா இருந்தா என் டீம் பசங்க என்னைக் கிழிச்சுத் தொங்க விட்டிருப்பாங்க. அன்னிக்கு எல்லாரும் "சூப்பர் ஜி, சூப்பர் ஜி" ன்னு தலையாட்டினாங்க. மீட்டிங் முடிஞ்சு எனக்குத் தெரியாம வேற டிசைன்ல பண்ணிட்டாங்க. பெரியப்பா நான் சரியாச் சொன்னப்ப கேக்கல. இவங்க நான் தப்பாச் சொன்னப்ப சண்டை போடல. ரெண்டுல எது அதிகமா வலிச்சதுன்னு கேட்டா, ரெண்டாவது. தப்புப் பண்றதுக்கும், அதுக்குத் திட்டு வாங்கறதுக்கும் எனக்கு உரிமை வேணும் சாமி. அது இல்லாம ஆணி புடுங்க முடியாது.

இப்ப உங்ககிட்ட வரேன் மக்களே.

யாராவது கொஞ்சம் ஏடாகூடமா எழுதிட்டா முதல் பின்னூட்டம் என்ன? "கீழ்ப்பாக்கத்துல ஒரு பெட் காலி." ரெண்டாவது, "மாத்திரை சாப்பிட மறந்துட்டாரு போல." மூணாவதா பத்து ஸ்மைலி. நானும் போட்டிருக்கேன், வியாதி வர்றதுக்கு முன்னாடி. அந்தாளு என்ன வாதம் வச்சார்னு யாருக்கும் ஞாபகம் இருக்காது. பெரியப்பா ரூம்ல பண்ணினதை நாம பின்னூட்டத்துல பண்றோம். பதில் தெரியாத இடத்துல வியாதியைச் சொல்றோம்.

கீழ்ப்பாக்கம்னா என்னன்னு தெரியுமா? 1794ல ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, 1871ல கீழ்ப்பாக்கத்துக்கு வந்தது. இந்தியாவோட முதல் பெண் மனநல மருத்துவர்னு சொல்லப்படற சாரதா மேனன் அங்க தலைமைப் பொறுப்புல இருந்தவங்க. ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இருக்கல, 1984ல மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினாங்க. 2021ல காலமானாங்க. இத்தனை வருஷமா லட்சக்கணக்கான குடும்பம் அழுதுக்கிட்டே போய் வந்த இடம். நமக்கு அது காமெடி.

எங்க ஊரை எடுத்துக்கோங்க. பீச்ல இருந்து வர்ற ரயில்ல தாம்பரத்துக்கு முந்தின ஸ்டேஷன் பேரு என்ன? தாம்பரம் சானடோரியம். டேவிட் சௌரி முத்து 1928ல ஆரம்பிச்ச காசநோய் ஆஸ்பத்திரியால வந்த பேர். ஒரு காலத்துல அந்தப் பேரைச் சொன்னாலே ஜனங்க மூக்கைப் பொத்திக்குவாங்கன்னு எங்க பாட்டி சொல்லும். அப்புறம் எய்ட்ஸ் வந்தது. அதே ஆஸ்பத்திரிதான் மத்தவங்க தொடப் பயந்த ஆயிரக்கணக்கான பேரைச் சேர்த்துக்கிச்சு. 2004ல இலவசக் கூட்டு மருந்து நாட்டுல ஆரம்பிச்சப்ப முதல் சில மையங்கள்ல தாம்பரமும் ஒண்ணு. இன்னிக்கு சானடோரியம்ல இறங்கறேன்னு சொன்னா யாரும் சிரிக்கறதில்ல. மெப்ஸுக்குப் போற ஐ.டி. பசங்க தினமும் அங்கதான் இறங்கறாங்க.

எப்படி மாறுச்சு? மருந்து வந்தது ஒரு காரணம். இன்னொண்ணும் இருக்கு. சேத்துப்பட்டுல, அதாவது கீழ்ப்பாக்கத்துக்குப் பக்கத்துலயே, 1956ல ஒரு காசநோய் ஆய்வு மையம் ஆரம்பிச்சாங்க. சானடோரியத்துல படுக்க வச்சுப் பாக்கறதுக்கும், வீட்டுலயே வச்சு மருந்து கொடுக்கறதுக்கும் வித்தியாசம் உண்டான்னு பாத்தாங்க. 1959ல முடிவு வெளியாச்சு. ஏழை வீடு, இடமில்லாத வீடு, சத்தான சாப்பாடு இல்லாத வீடு, ஆனாலும் வீட்டுல மருந்து சாப்பிட்டவங்க கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமானாங்க. கூட இருந்தவங்களுக்கு அதனால கூடுதலா நோய் பரவவும் இல்ல. உலகம் முழுக்க காசநோய் வைத்தியத்தையே மாத்தின ஆய்வு அது. நம்ம மெட்ராஸ்ல நடந்தது. நோயாளி அவர் வீட்டுல, அவர் தெருவுல, அவராவே இருந்துக்கிட்டு மாத்திரை சாப்பிடலாம்னு நிரூபிச்ச ஊர் நம்ம ஊர். நுரையீரலுக்குக் கொடுத்ததை மூளைக்கும் கொடுங்கன்னுதான் கேக்கறேன்.

"அப்ப நீ நிஜமாவே திரும்ப எகிறும்போது என்ன பண்றது? அப்பவும் உன் கருத்தை மதிக்கணுமா?" நியாயமான கேள்வி. வண்டலூர் ராத்திரில அம்மா என் கருத்தை மதிச்சிருந்தா நான் இன்னிக்கு சிங்கத்துக்குப் பின்னூட்டம் போட்டுக்கிட்டு இருந்திருப்பேன். சில நேரம் சம்மதம் இல்லாமச் சேர்க்க வேண்டி வரும்னு சட்டமும் ஒத்துக்குது. ஆனா அதுக்கு நிபந்தனை, காலக்கெடு எல்லாம் வச்சிருக்கு. முதல்ல 30 நாள் வரைதான், மறுஆய்வு வாரியத்துக்குத் தெரியப்படுத்தணும். அதோட அஞ்சாவது பிரிவுல ஒரு அருமையான ஏற்பாடு இருக்கு: நல்லா இருக்கும்போதே, பின்னாடி முடியாமப் போனா எனக்கு எப்படி வைத்தியம் பண்ணணும், எப்படிப் பண்ணக் கூடாதுன்னு முன்கூட்டியே எழுதி வைக்கலாம். எனக்காகப் பேசற ஆளையும் நானே நியமிக்கலாம். படர்க்கை ஆகப் போற நாளுக்காகத் தன்மைல எழுதி வைக்கற கடுதாசி.

சட்டப்படி அதுக்குப் படிவம், பதிவு எல்லாம் உண்டு, அந்த வேலை நடந்துக்கிட்டு இருக்கு. அதுக்கு முன்னாடி நானும் அம்மாவும் ஒரு ஞாயித்துக்கிழமை சாயந்திரம் காபியை வச்சுக்கிட்டு, வீட்டு அளவுல ஒரு ஒப்பந்தம் எழுதினோம். நோட்டுப் புக்குல, அம்மா கையெழுத்துல.

1. ரெண்டு ராத்திரி தொடர்ந்து மூணு மணி நேரத்துக்குக் கம்மியாத் தூங்கினா அம்மா டாக்டருக்குப் போன் பண்ணலாம். நான் கத்தக் கூடாது.

2. அப்ப கிரெடிட் கார்டு அம்மாகிட்ட. டொமைன் வாங்கறது தடை.

3. ஆஸ்பத்திரில சேர்க்க வேண்டி வந்தா கண்ணாடி என்கிட்டயே இருக்கணும்.

4. டாக்டர்கிட்ட முதல்ல நான் பேசுவேன். அப்புறம் அம்மா.

5. மாத்திரை பத்தி ராத்திரி ஒன்பது மணிக்குக் கேக்கலாம். வாக்குவாதத்துக்கு நடுவுல கேக்கக் கூடாது. யாரும்.

அஞ்சாவதை எழுதும்போது அம்மா பேனாவை நிறுத்திட்டாங்க. "நான் அக்கறைலதானேடா கேக்கறேன்" னாங்க. ஆமாம்மா. ஒன்பது மணிக்குத் தண்ணி டம்ளரோட வந்து "மாத்திரை போட்டியா?" ன்னு கேப்பீங்களே, அது அக்கறை. அதுல "நீ" இருக்கு. சண்டைக்கு நடுவுல கேட்டா அதே கேள்வி வாய்ப்பூட்டு. ஒரே மாத்திரை, ஒரே வாய். கேக்கற நேரமும் விகுதியும்தான் வித்தியாசம்னேன். கொஞ்ச நேரம் பேசாம இருந்துட்டு எழுதினாங்க. "யாரும்" ங்கறதை அவங்களாத்தான் சேர்த்தாங்க.

மாடம்பாக்கம் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அன்னிக்கு ராத்திரியே நான் முப்பது வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பாத்தேன். ஒரு பழைய அடமானம் தீராம அப்படியே நிக்குது. பிரிண்ட் எடுத்து அம்மாகிட்ட கொடுத்தேன், அம்மா பெரியப்பாகிட்ட கொடுத்தாங்க. அட்வான்ஸ் கொடுக்கல. அவர் என்கிட்ட ஒண்ணும் சொல்லல. அம்மாகிட்ட மட்டும் போன்ல சொன்னாராம், "பரவால்லயே, நல்லாத்தான் பாத்திருக்கான்" னு.

பாத்தீங்களா? பாராட்டும்போதும் "பாத்திருக்கான்" தான். :-)

ஆனா இந்தத் தடவை சரியா இருந்ததால என்னைக் கேளுங்கன்னு நான் சொல்லல. அடுத்த தடவை தப்பாவும் இருப்பேன். அப்பவும் என்கிட்டயே வந்து "நீ சொல்றது தப்புடா" ன்னு சொல்லுங்க. என் வாதத்தை அடிங்க, என் மாத்திரை டப்பாவை விட்டுடுங்க. மணி எட்டே முக்கால், அதை நானே பாத்துக்கறேன்.

பி.கு. 1: இதைப் படிச்சுட்டு யாரும் மருந்தைத் தானா நிறுத்தாதீங்க, தானா ஆரம்பிக்கவும் செய்யாதீங்க. லித்தியத்தைத் திடீர்னு விட்டா வியாதி பலமாத் திரும்பும். டாக்டர் சரியாக் கேக்கலன்னா டாக்டரை மாத்துங்க, மருந்தை நீங்களா மாத்தாதீங்க.

பி.கு. 2: ராத்திரி நேரத்துல யார்கிட்டயாவது பேசணும் போல இருந்தா டெலி மானஸ் 14416. அரசாங்கத்தோட இலவச சேவை, 24 மணி நேரமும், தமிழ்லயும் பேசலாம்.

பி.கு. 3: பின்னூட்டத்துல கும்மி அடிக்கலாம், திட்டலாம், வெளிநடப்பு செய்யலாம். "பாவம்" மட்டும் வேண்டாம்.